குதிரை தலைகீழாகத் தொங்கிய பரிசம்

என் மகளின் பரிசத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேர் முன்னிலையில், என் மாமியாரின் தங்கப் பதக்கம் போலி என்று அறிவித்தவன் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. போதையிலும் இல்லை. காலை நேரம், வயிற்றில் இட்லியும் ஒரு கிளாஸ் தே தாரிக் டீயும் மட்டுமே இருந்தன. பேசியது முழுக்க முழுக்க என் சொந்த மூளை.

நான் மீன்பிடிக்கப் போய் என் செருப்பையே தூண்டிலில் பிடித்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, ‘இதற்குக் கீழே உங்களால் போக முடியாது’ என்று எழுதியிருந்தார் ஒரு செகிஞ்சான் வாசகர். ஐயா, அவசரப்பட்டுவிட்டீர்கள்.

சட்டைப் பையில் பூதக்கண்ணாடி

கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தோம். மகள் தர்ஷினி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில், பாட்டி அன்றைக்குப் போட்டுவிட்ட அந்தப் பதக்கம்.

அது ஒரு பழைய பிரிட்டிஷ் பவுன் காசு. ஒரு பக்கம் ராணி, இளம் வயது, தலைமுடியில் நாடா. மறுபக்கம் குதிரையில் ஒரு வீரன், கீழே கிடக்கும் ஏதோ பாம்புக்கும் பல்லிக்கும் பிறந்த மிருகத்தை மிதிக்கிறான். காசைச் சுற்றித் தங்க வளையம், ராணியின் உச்சந்தலைக்கு நேராக ஒரு கொக்கி.

பரிசத் தட்டை வாங்க தர்ஷினி குனிந்தாள். பதக்கம் முன்னால் தொங்கி, ஒரு சுற்று சுற்றி, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

முன் வரிசையில் மாப்பிள்ளையின் அத்தை. தரையில் ஊசி கிடந்தாலும் பார்த்துவிடும் ரகம்.

“ஐயையோ, குதிரை தலைகீழா தொங்குது பாருங்க! நல்ல காரியத்துல இது என்னா லா?”

கூடாரம் முழுக்கத் தலைகள் திரும்பின. மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்க நினைத்து, நிலைமையை என் கையில் கொடுத்தார்.

“நம்ம சம்பந்திதான் காசு சேக்கிறவராச்சே. அவரே பாத்துச் சொல்லட்டும்.”

வாழ்நாளில் யாரும் என்னிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. என் சொந்த வீட்டுக்குப் பெயிண்ட் நிறம்கூட என்னைக் கேட்காமல்தான் முடிவானது. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஆமாம், பரிசத்துக்குப் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தேன். மனைவி மல்லிகா தூரத்திலிருந்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அந்தக் கண்ணை நான் கல்யாணமான நாளிலிருந்து தப்பாகவே படித்துவருகிறேன்.

கொக்கியைப் பிடித்துக் காசைத் திருப்பினேன். ராணி நேராக இருந்தாள். குதிரையோ வெயிலில் புரளும் பூனைபோல நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

“இது ஒரிஜினல் இல்லைங்க,” என்றேன். “ஒரிஜினலா இருந்தா ரெண்டு பக்கமும் நேரா இருக்கும். அரசாங்கம் அடிக்கிற காசு இப்பிடித் தலைகீழா வராது.”

என் மாமியார் எழுந்தார். பேத்தியிடம் போனார். சங்கிலியிலிருந்து பதக்கத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு போய்ப் பந்தியில் உட்கார்ந்து, பாயாசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமியார் கோபத்தில் சாப்பிடாமல் போனால் சின்னக் கோபம். நன்றாகச் சாப்பிட்டால், நீண்ட நாளைக்குத் திட்டம் போடுகிறார் என்று பொருள்.

லேபிள் பார்க்கும் உத்தியோகம்

இந்த இடத்தில் என் படிப்பு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ரவாங்கில் ஒரு சாஸ் தொழிற்சாலையில் வேலை. போத்தல்கள் வரிசையாக வரும். லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். முன்பக்கம் பார்த்து, போத்தலைப் பக்கவாட்டில் ஒரு திருப்புத் திருப்பி, பின்பக்கம் பார்ப்பேன். தலைகீழாக இருந்தால் தூக்கி ஓரமாக வைப்பேன். இத்தனை வருடங்களில் என் மணிக்கட்டுக்குத் தெரிந்த ஒரே திருப்பம் அது.

எல்லாரும் வீட்டில் அடைபட்டுக் கிடந்த காலத்தில், சிலர் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார்கள். நான் காசு சேர்க்க ஆரம்பித்தேன். சேர்த்தேன் என்றால் பெரிய வார்த்தை. மல்லிகாவின் பர்ஸில் இருந்ததை என் டப்பாவுக்கு மாற்றினேன்.

பிறகு ஒரு காணொளி பார்த்தேன். காசு எப்படிப் பிறக்கிறது என்று அதில் ஓர் ஆள் விளக்கினார். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் எழுத்தில்லாத உலோக வட்டம். ஒரே அடி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். ஓர் அச்சு இடம் மாறித் திரும்பிக்கொண்டால், ஒரு பக்கத்தோடு பார்க்கும்போது மறுபக்கம் கோணலாகிவிடும். அப்படிப்பட்ட காசுக்குச் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்களாம்.

அன்றே வீட்டிலிருந்த ஐம்பது சென் நாணயங்களை எல்லாம் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் வாவ் பட்டம். மேலும் கீழும் விரலால் பிடித்து, போத்தலைத் திருப்புவதுபோலப் பக்கவாட்டில் திருப்பினேன். எல்லாப் பட்டமும் நேராகவே பறந்தது.

காணொளியின் கடைசியில் அந்த ஆள் சொன்னார்: பின்பக்கம் தலைகீழாக இருந்தால் அது அரிய காசாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம், இல்லாவிட்டால்... அந்த ‘இல்லாவிட்டால்’ வந்தபோது எங்கள் வீட்டு இணையம் நின்றுபோனது. நான் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. என் மாமியாரின் மானம், என் மகளின் கல்யாணம் எல்லாம் அந்த ‘இல்லாவிட்டாலு’க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்?

பரிசத்தன்று நான் போட்ட கணக்கு எளிது. ஒன்று அரிய காசு, இல்லையென்றால் போலி. எங்கள் குடும்பத்துக்கு அரிய எதுவும் வந்ததில்லை. ஆகவே போலி.

மாமியாரின் நிபந்தனை

விருந்தினர் போன பிறகு வாசல் குழாயடியில் என் மாமியார் கை கழுவினார். நானும் மல்லிகாவும் பக்கத்தில் நின்றோம்.

“மல்லிகா, ஒன் பக்கத்துல நிக்கிற ஒன் புருசன்கிட்ட சொல்லு.”

“அத்தை, நான் இங்கதான்...”

“சொல்லு மல்லிகா. எங்கப்பன் எனக்குப் போலிய போட்டு அனுப்புனாருன்னு அத்தன பேரு முன்னால சொன்ன வாய், அதே ஆளுங்க முன்னால அத திருப்பி வாங்கிக்கணும். அது வரைக்கும் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்.”

“அத்தை, நகைக்கடையில குடுத்து உரசிப் பாத்துட்டா ஒரு நிமிசத்துல...”

“மல்லிகா, உரசிப் பாக்கக் கொண்டுபோறதே எங்கப்பன சந்தேகப்படுறதுதான். அந்தக் காச இனி இந்த மனுசன் தொடவும் கூடாது. இதையும் சொல்லு.”

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். “கேட்டுச்சா?”

அந்த அப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வடக்கே ஓர் எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். சம்பளம் வந்த அன்றே கள்ளுக்கடைக்குப் போய்விடும் என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. மகளுக்குக் குண்டுமணித் தங்கம்கூடப் போட மாட்டார் என்று சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, கல்யாணத்தன்று காலையில் சட்டைப் பையிலிருந்து இந்தக் காசை எடுத்துக் கொடுத்தாராம். எங்கிருந்து வந்தது என்று அவர் சொல்லவில்லை. ‘அந்த ஆளு குடுத்தது அசலாவா இருக்கும்?’ என்று அப்போதே நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். என் மாமியார் இத்தனை காலமும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே அவர்களுக்குப் பதில் சொல்லிவந்தார்.

ஐந்தாவதாகக் கேட்ட ஆள் நான். அதுவும் பூதக்கண்ணாடியோடு.

வீட்டுக்குள் போனால் தர்ஷினி போனில் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாட்டி வரலன்னா கல்யாணத்த போஸ்ட்போன் பண்ணிருங்க ப்பா. சீரியஸா சொல்றேன். மண்டபத்துக்கு நீங்களே போன் போடுங்க.”

ஒரு நாடே தவறு செய்யுமா?

அந்த வாரம் மாமியார் புக்கிட் பெலிம்பிங்கில் மைத்துனன் வீட்டில் இருந்தார். பதக்கம் அவர் கைப்பையில். என்னிடம் இருந்தது பரிசத்தன்று எடுத்த படங்கள் மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம். ஏதாவது ஆறுதல் கிடைக்குமா என்று என் காசு டப்பாவைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து ஹாட்யாய் போய்வந்தபோது மிஞ்சிய தாய்லாந்துக் காசுகள் வந்தன. பத்து பாட் காசு ஒன்றை எடுத்தேன். ஒரு பக்கம் ராஜா. போத்தல் திருப்பம் திருப்பினேன். மறுபக்கத்துக் கோபுரம் தலைகீழாக நின்றது.

என் இதயமும் கொஞ்சம் தலைகீழானது. அரிய காசு! இன்னொன்றைத் திருப்பினேன். அதுவும் தலைகீழ். இன்னொன்று. அதுவும். டப்பாவில் இருந்த தாய்லாந்துக் காசு அத்தனையும் தலைகீழ். நான் பணக்காரனாகிவிட்டேன் என்று நினைத்த அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கார், ஒரு மீன்தொட்டி, மல்லிகாவுக்கு ஒரு வாஷிங் மெஷின் எல்லாம் மனதுக்குள் வாங்கியாயிற்று.

“மல்லிகா, இங்க வா! எல்லாமே எரர்!”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காசை எடுத்தாள். ராஜாவைப் பார்த்தாள். பிறகு, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் தாளை மேலே தூக்கிப் பின்பக்கம் பார்ப்பதுபோல, காசைக் கீழிருந்து மேலாகப் புரட்டினாள். கோபுரம் அழகாக, நேராக நின்றது.

“நேராத்தானே இருக்கு.”

“நீ தப்பாத் திருப்புற.”

“ஏன், ஒங்க ஃபேக்டரியில கேட்டுத்தான் திருப்பணுமா? ஒரு நாடே தப்பாவா காசு அடிச்சிருக்கும்?”

காரும் மீன்தொட்டியும் அப்போதே போய்விட்டன. ஆனால் எனக்கு வேறொன்று புரிந்தது. பரிசத்தன்று நானும் ஒரு நாட்டையேதான் தப்பு என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் காசு சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஈப்போக்காரர் ஒருவர் இருக்கிறார். மூத்தவர். பதில் போடும்போது யாருக்கும் சர்க்கரை தடவ மாட்டார். பதக்கத்தின் இரண்டு பக்கப் படங்களையும் அனுப்பிக் கதையைச் சொன்னேன். குரல் பதிவு வந்தது.

“அண்ணே, இது எரரும் இல்ல, அதிசயமும் இல்ல. காச திருப்புறதுல ரெண்டு பழக்கம் உண்டு. நம்ம மலேசியா காசு புஸ்தகப் பக்கம் மாதிரி. சைடுல திருப்புனா பின்பக்கம் நேரா நிக்கும். தாய்லாந்து, அமெரிக்கா இதெல்லாம் மேலயும் கீழயும் புரட்டுனாத்தான் நேரா நிக்கும். அந்தந்த நாட்டுப் பழக்கம். பிரிட்டிஷ்காரன் நடுவுல மாத்திக்கிட்டான். ராணி சின்னப் பொண்ணா இருந்த காலத்து பவுன்ல குதிரை தலைகீழாத்தான் இருக்கும். வயசாகி முக்காடு போட்டதுக்கு அப்பறந்தான் குதிரை நிமிந்துச்சு. ஒங்க படத்துல இருக்கிறது சின்ன ராணி. நேரா இருந்திருந்தாத்தான் நான் யோசிப்பேன்.”

‘அப்ப இது ஒரிஜினல்தானே அண்ணே?’ என்று தட்டினேன்.

“படத்த பாத்து அத எப்பிடி லா சொல்றது? எடை பாக்கணும், அளவு பாக்கணும், ஓரத்த பாக்கணும். விசயம் தெரிஞ்ச திருடன் குதிரைய சரியாத் தலைகீழாத்தான் வெப்பான். நீங்க சொன்ன காரணம் தப்பு. அத மட்டும் நான் கேரண்டியா சொல்வேன்.”

புதிதாகக் காசு சேர்ப்பவர்களுக்கு என் செலவில் ஒரு பாடம்: மேலும் கீழும் விரல் வைத்துப் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கம் நேராக நின்றாலும் கத்தாதீர்கள், முழுத் தலைகீழாக நின்றாலும் கத்தாதீர்கள். அந்த நாட்டில், அந்தக் காலத்தில் எது வழக்கம் என்று முதலில் கேளுங்கள். இரண்டும் இல்லாமல், கடிகார முள் மூன்று மணியில் நிற்பதுபோலச் சாய்ந்து நின்றால், அப்போது உட்கார்ந்து பாருங்கள். அப்போதும் சம்பந்தி வீட்டில் உட்காராதீர்கள்.

பத்திரிகையும் காலண்டரும்

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் நானும் மல்லிகாவும் தர்ஷினியும் ரவாங்கில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோனோம். சொன்னதை அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று மல்லிகா மூலம் சொல்லியனுப்பியிருந்ததால் மாமியாரும் வந்தார். என் காரின் பின்சீட்டில், ஜன்னலைப் பார்த்தபடி. வழியெல்லாம் செம்பனை மரங்களோடுதான் பேசினார்.

நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, மாப்பிள்ளையின் அதே அத்தை அங்கே இருந்தார். அதே அப்பா. மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா, தட்டில் பலகாரம் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் சரியாக அமைந்திருந்தது. என் மாமியார் தொண்டையைச் செருமினார். எனக்கான மணி அடித்தாயிற்று.

“அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்,” என்று எழுந்தேன். “அது தப்பு. எப்பிடித் தப்புன்னு காட்டுறேன்.”

“ஒக்காந்துகிட்டே சொல்லுங்க சம்பந்தி,” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

உட்காரவில்லை. கல்யாணப் பத்திரிகையை விரித்தேன். “இது சைடுல திருப்புறது. உள்பக்கம் நேரா இருக்கு, பாருங்க.” பிறகு அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரின் தாளைத் தூக்கி மேலே புரட்டினேன். “இது மேல புரட்டுறது. இதுக்குப் பின்னால அச்சடிச்சா, தலைகீழா அடிச்சாத்தான் நாம படிக்க முடியும். ராணி சின்ன வயசா இருந்தப்ப பவுன் காசு இந்தக் காலண்டர் மாதிரி. கழுத்துல கொக்கி போட்டுத் தொங்கவிட்டா அது பத்திரிகை மாதிரி சைடுலதானே சுத்தும்? அதனாலதான் குதிரை தலைகீழாத் தெரியுது. குதிரை மேல தப்பு இல்ல.”

தாள் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு அடுத்த மாதம் அன்றே பிறந்தது.

அத்தை விடவில்லை. “அப்ப அது ஒரிஜினல்தானா அண்ணே?”

ஈப்போக்காரரின் குரல் காதில் கேட்டது. எடை, அளவு, ஓரம். மாமியார் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை, மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பில்.

“அத போலின்னு சொல்ல என்கிட்ட ஒரே ஒரு காரணந்தான் இருந்துச்சு. அந்தக் காரணந்தான் போலி,” என்றேன். “எங்க மாமியாரோட அப்பா அத எங்க வாங்குனாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவர சந்தேகப்பட எனக்கு ஒரு தகுதியும் இல்ல.” அங்கே நிறுத்தியிருக்கலாம். நான் எங்கே நிறுத்தினேன்? “சொல்லப்போனா, சின்ன ராணி காசுல குதிரை நேரா நின்னாத்தான் நாம சந்தேகப்படணும்!”

ஜிப் திறந்தது. மாமியார் பதக்கத்தை எடுத்துத் தர்ஷினியின் சங்கிலியில் மாட்டினார். “சரி. பலகாரம் எடுத்துக்குங்க எல்லாரும்,” என்றார், தன் வீட்டுப் பலகாரம்போல.

அவ்வளவுதான், முடிந்தது என்று ஓர் அதிரசத்தைக் கையில் எடுத்தேன்.

இன்னொரு குதிரை

“சம்பந்தி, என்கிட்டயும் ஒண்ணு இருக்கு!” என்றார் சம்பந்தியம்மா. முகமெல்லாம் சிரிப்பு. கழுத்துச் சங்கிலியை இழுத்து, அதில் தொங்கிய காசை வெளியே எடுத்தார். “இதையும் பாத்துச் சொல்லுங்க.”

இளம் ராணி. தலைமுடியில் நாடா. அவரே பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்.

குதிரை நேராக நின்றது. கம்பீரமாக. நாலு காலும் இருக்க வேண்டிய பக்கத்தில்.

நான் பாடம் நடத்தி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தையின் கண் காசிலிருந்து என் முகத்துக்கு வந்தது. தர்ஷினி என் காலை மிதித்தாள். மல்லிகா மறுபடியும் கண்ணால் ஏதோ சொன்னாள். இந்த முறை மட்டும் சரியாகப் படித்தேன்.

சட்டைப் பையைத் தட்டினேன். பூதக்கண்ணாடி உள்ளே கல்போலக் கனத்தது.

“அடடா, கண்ணாடி கொண்டு வரலையே சம்பந்தியம்மா. வெறுங்கண்ணுல ராணியா ராஜாவான்னே தெரியல.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் என் சட்டைப் பையின் வீக்கத்தைப் பார்த்தார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

“அவருக்குக் கண்ணாடி இல்லன்னா மாமியாரையே அடையாளம் தெரியாதும்மா. டீ ஆறுது, குடிங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். காசு ரவிக்கைக்குள் திரும்பிப் போனது.

(இதை எழுத சம்பந்தியம்மாவிடம் அனுமதி கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மா, பவுன் காசு மாதிரியே ஒன்று வேண்டும் என்று நகைக்கடையில் சொல்லிச் செய்து வாங்கியதாம். “தங்கம் சுத்தமான தங்கம், சம்பந்தி. குதிரை எப்பிடி நின்னா எனக்கென்னா? நீங்க அன்னிக்கு முழிச்ச முழியத்தான் எழுதணும்.” எழுதிவிட்டேன்.)

கார் வீட்டுக்குத் திரும்பியது. தர்ஷினி பதக்கத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டே வந்தாள். ராணி, தலைகீழ்க் குதிரை, ராணி, தலைகீழ்க் குதிரை. செம்பனைத் தோட்டங்கள் பின்னால் போயின. பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பரிசத்துக்குப் பிறகு முதல்முறையாக, மல்லிகா வழியாக இல்லாமல் நேராக எனக்கு.

“இவ்ளோ அழகா பொய் சொல்ல வருதே மாப்ள, அன்னிக்கு என்னா கேடு வந்துச்சு ஒங்களுக்கு?”